பயோட்டின் மிட்டாயும் பொய் சொன்ன தைராய்டு ரிப்போர்ட்டும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 58. ஓய்வுபெற்ற ஆசிரியை, சுத்த சைவம். 14 ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரையும், 9 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். இவை இரண்டு மட்டும்தான் ஆங்கில மருந்து. மற்றவை எல்லாம் சத்தும் மூலிகையும்தான். சென்ற தீபாவளிக்கு வந்த மகள், என் முடி கொட்டுவதற்காக அமெரிக்காவிலிருந்து பயோட்டின் என்ற வைட்டமின் மிட்டாய் மாத்திரை கொண்டுவந்தாள் (ஒன்றில் 10,000 மைக்ரோகிராம்). மூட்டு வலிக்கு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல் தினம் இரண்டு (ஒன்றில் 500 மில்லிகிராம் குர்குமின்). தூக்கத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த அமுக்கரா சூரணம் பாலில். கொரோனா காலத்திலிருந்து சீந்தில் பொடி. எலும்புக்குக் கால்சியம் மாத்திரை, வாரம் ஒரு வைட்டமின் டி பாக்கெட் (ஒன்றரை ஆண்டாக). பாதம் மரத்துப்போவதால் நரம்பு மாத்திரை (பி12-உடன் பி6 50 மில்லிகிராம்). அதோடு ஒரு பொதுச் சத்து மாத்திரை (பி6 3 மில்லிகிராம்). எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் டி.எஸ்.எச். 0.06 என்று வந்தது, டி4 அதிகம். டாக்டர் 75-ஐ 50 ஆக்கினார். ஏப்ரலிலும் 0.05 தான். இப்போது 25. ஆனால் எனக்கு முன்பைவிட அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை, இரண்டு கிலோ எடை கூடிவிட்டது. முடியும் அதிகமாகக் கொட்டுகிறது. அதனால் பயோட்டினை இரண்டாக்கிவிட்டேன். இவற்றை எந்தெந்த நேரத்தில் சாப்பிட்டால் முழுப் பலன் கிடைக்கும்? இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா? ஸ்டென்ட் வைத்த என் கணவரும் மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிடலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். லேபிள்களைப் பார்த்து அளவோடு எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. என்னிடம் வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை. “ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சிவப்பு மாத்திரை” என்பதோடு முடித்துவிடுவார்கள். நீங்கள் எழுதியதால்தான் ஒரு விஷயம் பிடிபட்டது.

சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. எதை எடுப்பது என்பதைத்தான் பேச வேண்டும். அதற்கு முன் அந்தத் தைராய்டு ரிப்போர்ட்.

ரிப்போர்ட் ஒன்று சொல்கிறது, உடம்பு வேறொன்று சொல்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியை வேலை வாங்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் கட்டளை; டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன். ஹார்மோன் மிஞ்சினால் கட்டளை குறையும். டி.எஸ்.எச். 0.06, டி4 அதிகம் என்றால் தைராய்டு ஹார்மோன் உடம்பில் மிஞ்சிக் கிடக்கிறது என்று பொருள். அப்படி மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எடை குறையும், வயிறு இளகும். உங்களுக்கோ மலச்சிக்கல், குளிர், எடை ஏற்றம். அத்தனையும் எதிர்ப்பக்கம். மாத்திரையை மூன்றில் ஒரு பங்கு குறைத்த பிறகும் ஏப்ரல் ரிப்போர்ட் அசையவே இல்லை. அளவுகோலே கோணலாக இருக்குமோ என்று அங்கேயே சந்தேகம் வர வேண்டும். என் சந்தேகம் உங்கள் மகள் கொண்டுவந்த மிட்டாயின் மேல்.

ஆய்வகத்தில் டி.எஸ்.எச். அளப்பது எப்படி என்று சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். உங்கள் ரத்தத்தில் உள்ள டி.எஸ்.எச்.சைப் பிடிப்பதற்கு எதிர்ப்புரதங்களைச் சேர்ப்பார்கள். அவற்றில் ஒன்றின் வாலில் பயோட்டினைக் கட்டி வைத்திருப்பார்கள். கருவிக்குள் இருக்கும் நுண்மணிகளின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்றொரு புரதம் பூசியிருக்கும். பயோட்டினைக் கண்டால் அது விடாமல் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழுவிவிட்டு அளப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் என்ன ஆகும்? டவுன் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுதான் நடக்கும். மணியில் உள்ள இடத்தையெல்லாம் மிட்டாயிலிருந்து வந்த பயோட்டின் பிடித்துக்கொள்ளும். டி.எஸ்.எச்.சைச் சுமந்து வந்த எதிர்ப்புரதம் உட்கார இடமில்லாமல் கழுவலில் போய்விடும். கருவி “டி.எஸ்.எச். இல்லை” என்று எழுதும். டி4 அளக்கும் முறை இதற்குத் தலைகீழ். அங்கே மணியில் ஒட்டியது குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று கருவி படிக்கும். ஆக ஒரே மிட்டாய், டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்து டி4-ஐப் பொய்யாக ஏற்றிவிடும். பார்க்கிற மருத்துவருக்கு அது தைராய்டு மிகையின் அசல் படம் போலவே தெரியும். உங்கள் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். மிட்டாயைப் பற்றி யாரும் சொல்லாதபோது நானும் 75-ஐ 50 ஆக்கியிருப்பேன்.

எல்லா ஆய்வகத்திலும் இந்த முறையைப் பயன்படுத்துவதில்லை. பயோட்டினைத் தாங்கும் கருவிகளும் வந்துவிட்டன. அதனால் இதை நிச்சயம் என்று சொல்லாமல் சந்தேகம் என்றே சொல்கிறேன். ஆனால் அளவைப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் ஏறக்குறைய 30 மைக்ரோகிராம். நீங்கள் இப்போது எடுப்பது 20,000. அறுநூறு மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது. தைராய்டைவிட அவர்கள் அஞ்சியது ட்ரோபோனின் பரிசோதனையை. மாரடைப்பு வந்ததா என்று பார்க்கும் அந்தச் சோதனை, பயோட்டினால் பொய்யாகக் குறைந்து காட்டலாம். அதிக அளவு பயோட்டின் எடுத்த ஒருவர் அப்படி இறந்துபோனதாகவும் அந்த எச்சரிக்கையில் இருந்தது.

இனி முடிக்கு வருவோம். பயோட்டின் குறைவால் முடி கொட்டுவது அபூர்வம். நாம் சாப்பிடும் கடலை, பருப்பு, பாலில் போதுமான அளவு கிடைத்துவிடுகிறது. 58 வயதுப் பெண்ணுக்கு முடி கொட்டினால் நான் பார்ப்பது ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு, பி12, தைராய்டு. இதில் தைராய்டு மருந்து போதாமல் போனாலும் முடி கொட்டும். உங்களுக்கு நடந்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள்: முடிக்காக மிட்டாய் சாப்பிட்டீர்கள், மிட்டாய் ரிப்போர்ட்டைக் கெடுத்தது, ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை குறைந்தது, மாத்திரை குறைந்ததால் முடி இன்னும் கொட்டியது, அதற்காக மிட்டாய் இரண்டானது.

உங்கள் பட்டியலில் தைராய்டைத் தொடும் இன்னொரு பொருளும் இருக்கிறது. வடநாட்டில் அஸ்வகந்தா என்று சொல்லும் நம்முடைய அமுக்கரா. பயோட்டின் ரிப்போர்ட்டை மட்டும்தான் பொய்யாக்கும். அமுக்கராவோ தைராய்டு ஹார்மோனை உண்மையிலேயே ஏற்றக்கூடியது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர் இதையும் சேர்த்தால் இரண்டும் கூடி எல்லை தாண்டலாம். உங்கள் அறிகுறிகள் எதிர்ப்பக்கம் இருப்பதால் இப்போதைய குற்றவாளி இது என்று நான் நினைக்கவில்லை. இருந்தாலும் இதை வைத்துக்கொண்டே உங்கள் தைராய்டு அளவைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு பேர் சேர்ந்து தராசைப் பிடித்தால் எடை எப்படித் தெரியும்? அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் இதனால் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது. அமுக்கராவை மோசமான மூலிகை என்று சொல்ல வரவில்லை. சித்த மருத்துவர் நாடி பார்த்து, இத்தனை நாளுக்கு என்று கொடுத்தால் அது ஒரு மருந்து. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்து, எத்தனை நாளுக்கு என்று யாரும் சொல்லாமல் தினமும் பாலில் விழுந்தால் அதற்கு மருந்து என்ற பெயர் பொருந்தாது.

“மற்றவை எல்லாம் சத்தும் மூலிகையும்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தான்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஆங்கில மருந்து என்று தனியே வைத்த மெட்ஃபார்மினின் பூர்வீகம் தெரியுமா? ஐரோப்பாவில் வேலியோரம் வளரும் கலேகா என்ற செடி. அந்தச் செடியில் உள்ள ஒரு சத்து சர்க்கரையைக் குறைப்பதைப் பார்த்து, அதன் வழியில் ஆய்வகத்தில் உருவான மருந்துதான் அது. 1957இல் பிரான்ஸில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தப் பக்கம் நம் மாநில மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் பந்தல் போட்டு அதை வளர்க்கிறார்கள். விதை ஏற்றுமதியாகிறது, அதிலிருந்து கௌட் என்னும் மூட்டு நோய்க்குக் கோல்சிசின் மாத்திரை வருகிறது. அதே செடியின் கிழங்கைத் தின்று உயிர்விட்டவர்களையும் நம் அரசு மருத்துவமனைகள் பார்த்திருக்கின்றன. செடி ஒன்றுதான், சத்தும் ஒன்றுதான், மில்லிகிராம்தான் வேறு. உடம்புக்குள் போய் ஒரு வேலையைச் செய்யும் வலிமை ஒரு பொருளுக்கு இருந்தால், வேண்டாத வேலையைச் செய்யும் வலிமையும் அதற்கு இருக்கும்.

மஞ்சளில் இதைக் கண்ணெதிரே காட்டலாம். மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், மஞ்சள்தூளில் ஏறக்குறைய மூன்று சதவீதம். உங்கள் கேப்ஸ்யூல் ஒன்றில் 500 மில்லிகிராம், தினம் இரண்டு, ஆக ஒரு கிராம் குர்குமின். அது 33 கிராம் மஞ்சள்தூளுக்குச் சமம். ஒரு டீஸ்பூன் மூன்று கிராம் என்று வைத்தால் பதினோரு டீஸ்பூன். நான்கு பேருக்கு வைக்கும் குழம்பில் நீங்கள் போடுவது அரை டீஸ்பூன். இதோடு முடியவில்லை. குர்குமினை நம் உடம்பு எளிதில் உள்ளே விடாது. அந்தக் கதவைத் திறக்கத்தான் மிளகுச் சத்தான பிப்பெரினைச் சேர்க்கிறார்கள். பெங்களூரில் 1998இல் நடந்த ஓர் ஆய்வில், பிப்பெரின் சேர்த்ததும் மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறியது. டப்பாவின் மேல் இதைப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். பாட்டி காலத்து மஞ்சள் என்று நினைத்துத்தான் விழுங்குகிறோம்; ஆனால் எந்தப் பாட்டியும் இந்த அளவைக் கண்டதில்லை. 2019இல் இத்தாலியில் இத்தகைய கேப்ஸ்யூல் எடுத்தவர்களிடம் கல்லீரல் அழற்சி வரிசையாகத் தென்பட்டது. அமெரிக்காவிலும் பிறகு பதிவானது. எல்லோருக்கும் வருவதில்லை, சிலருடைய மரபணு அமைப்புக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. மூட்டு வலிக்கு இதனால் சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைப்பதும் உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய இன்னும் இரண்டு பொருட்களோடு சேர்த்து நீங்கள் இதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அமுக்கராவைச் சொல்லிவிட்டேன். மற்றது சீந்தில். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று நாடே கொதிக்க வைத்துக் குடித்தது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் குடித்தபின் கல்லீரல் கெட்டுப்போன ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அது சீந்திலாக இருக்காது, அதைப் போலவே இருக்கும் வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்றது. மறு ஆண்டே, நாட்டின் 13 மருத்துவமனைகளிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் வந்தது. அதில் மருத்துவர்கள் கண்ட ஒன்று உங்களுக்கு முக்கியம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் கல்லீரலையே தாக்கும் வகை நோயைச் சீந்தில் கிளப்பிவிடுகிறது, அல்லது உள்ளே மறைந்திருந்ததை வெளியே கொண்டுவருகிறது என்றார்கள். உங்களைப் போன்றவர்களுக்குத் தைராய்டு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம் என்ன? எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதுதான். அப்படிப்பட்ட உடம்பில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடுகிறேன் என்று எதையும் கொடுப்பது, வீட்டில் ஏற்கெனவே சண்டைக்கு நிற்பவன் கையில் கம்பைக் கொடுப்பது போல. அசல் சீந்தில், போலிச் சீந்தில் விவாதம் அறிஞர்களுக்குள் நடக்கட்டும். கடையில் வாங்கிய பொடிக்குள் எது இருக்கிறது என்று உங்களாலும் என்னாலும் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்து வைட்டமின் டி. உங்கள் பட்டியலில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது இதுதான். அந்தச் சின்ன பாக்கெட்டில் இருப்பது 60,000 யூனிட். பொதுவாக வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவோம். நீங்கள் எட்டு பாக்கெட் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒன்றரை ஆண்டில் ஏறக்குறைய 78 ஆகியிருக்கிறது. ஒரு பாக்கெட்டின் 60,000-ஐ ஏழு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய எட்டாயிரத்து ஐந்நூறு யூனிட். பெரியவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் தாண்டக்கூடாத அளவு 4,000. இதில் உங்கள் பிழையைவிட எங்கள் பிழை அதிகம். எட்டு வாரம் என்று சீட்டில் எழுதுகிறோம், வாய் திறந்து சொல்வதில்லை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரைக் கூட்டிவந்தார்கள். வாந்தி, தாகம், பேச்சில் குழப்பம். அப்பாவுக்கு மறதி நோயோ என்று மகனுக்குப் பயம். கூட வந்த மருமகள் கையில் பால்கணக்கு நோட்டு. மாமனார் தினம் பாலில் கலந்து குடிக்கும் பாக்கெட்டையும் அதிலேயே குறித்து வைத்திருந்தார். வாரம் ஒன்றை அவர் நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு இரண்டு மாதம் குடித்திருக்கிறார். ரத்தத்தில் கால்சியம் எகிறியிருந்தது, சிறுநீரகமும் தடுமாறிக்கொண்டிருந்தது. நீர் ஏற்றி, பாக்கெட்டை நிறுத்தி, சில வாரங்களில் தேறினார். அந்த நோட்டு இல்லாவிட்டால் தலைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்போம். உங்கள் அசதிக்கும் மலச்சிக்கலுக்கும் தைராய்டு ஒரு காரணம் என்றால், ஏறிய கால்சியம் இன்னொரு காரணமாக இருக்கலாம். வைட்டமின் டி கொழுப்பில் தங்குவது. நிறுத்திய மறுநாளே வெளியேறிவிடாது.

கால்சியம் மாத்திரையிலும் ஒரு சிக்கல். அதைத் தைராய்டு மாத்திரையோடு காலையிலேயே சேர்த்துப் போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், ஒரே டம்ளர் தண்ணீரில் வேலை முடிகிறதே! கால்சியமும் இரும்பும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் காபி. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இது கொடுமையான நிபந்தனை என்று தெரியும். ஆனால் டிக்காஷன் அந்த மருந்தை உறிஞ்ச விடாமல் தடுக்கும். வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடுபவர்களும் அதே இடைவெளி விடுவது நல்லது.

மரத்துப்போகும் பாதத்துக்கு வருகிறேன். 9 ஆண்டு மெட்ஃபார்மின், அதோடு சைவம். இரண்டும் சேர்ந்தால் பி12 குறைவை நான் முதலில் தேடுவேன். மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சுவதைக் குறைக்கும். பிரிட்டனில் 2022இலிருந்து, அறிகுறி உள்ளவர்களுக்குக் கட்டாயம் அளந்து பாருங்கள் என்று மருத்துவர்களுக்கு அறிவுரை இருக்கிறது. சைவர்களுக்குப் பி12 பாலிலும் தயிரிலும் மட்டும்தான்; சுருள்பாசி மாத்திரையில் இருக்கிறது என்பார்கள், அதில் இருப்பது பெரும்பாலும் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். ஆக பி12 உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் சத்தாக இருக்கலாம். இந்த நீண்ட பட்டியலில் நான் மனமாரப் பரிந்துரைக்கக்கூடியது ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

ஆனால் பி12-க்காக நீங்கள் வாங்கிய நரம்பு மாத்திரையில் பி6 சேர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதிய லேபிள்படி அதில் 50 மில்லிகிராம், சத்து மாத்திரையில் இன்னொரு 3. தேவை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2. பி6 நீண்ட நாள் மிகுந்தால் என்ன ஆகும் தெரியுமா? பாதம் மரத்துப்போகும். எந்த நோய்க்கு மருந்து என்று விற்கிறார்களோ, அதே நோய். அமெரிக்கா 100 மில்லிகிராம் வரை பாதுகாப்பு என்கிறது; ஐரோப்பியர்கள் 2023இல் அதை 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். உங்கள் மரப்புக்குக் காரணம் சர்க்கரையா, பி12-ஆ, தைராய்டா, பி6-ஆ என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரத்தில், பி6-ஐத் தொடர்ந்து ஊற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. பி12 மட்டும் உள்ள மாத்திரை கிடைக்கிறது. உங்கள் டாக்டரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பி12 பார்த்து “நார்மல்” என்று வந்திருந்தால் அதையும் நம்ப வேண்டாம். பி12, வைட்டமின் டி சோதனைகளிலும் சில கருவிகளில் அந்தப் பயோட்டின் துண்டு போட்டு உட்கார்ந்துகொண்டு, அளவைப் பொய்யாக ஏற்றிக்காட்டும்.

இப்போது என்ன செய்வது? தைராய்டு மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் தொடாதீர்கள். “டாக்டர் எழுதிவிட்டார்” என்று நீங்களாகவே 75-க்குத் திரும்பிவிடவும் வேண்டாம். கடிதத்தைப் பார்த்து டோஸ் சொல்வது எனக்கு முறையல்ல. பயோட்டின் மிட்டாய், அமுக்கரா, சீந்தில், மஞ்சள் கேப்ஸ்யூல், வைட்டமின் டி, பி6 உள்ள இரண்டு மாத்திரைகள் ஆகியவற்றை இன்றே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய பொருள் இவற்றில் எதுவும் இல்லை. கால்சியம் மாத்திரையையும் ரத்தத்தில் கால்சியம் பார்க்கும்வரை நிறுத்தி வைத்துவிடுங்கள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, டின்னோடு உங்கள் டாக்டரிடம் போங்கள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதை அப்படியே மேஜை மேல் வையுங்கள். டி.எஸ்.எச்., டி4, பி12, கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், கல்லீரல் சோதனை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகியவற்றைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஆய்வகத்திலும் பயோட்டின் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்துக்குள் கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழம்பினாலோ வாரக் கணக்கு பார்க்காமல் அன்றே போய்விடுங்கள்.

உங்கள் டாக்டரிடம் இவற்றை முன்பே சொல்லாததற்காக வருத்தப்படாதீர்கள். “வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று நானும் பல வருடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் “இல்லை” என்பார்கள். சூரணமும் சத்து மாத்திரையும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. இப்போது கேள்வியை மாற்றிவிட்டேன். “காலையில் எழுந்ததிலிருந்து வாயில் என்னென்ன போடுகிறீர்கள்?” என்கிறேன். அதற்குப் பிறகுதான் நெல்லிச்சாறு, நோனிச்சாறு, சர்க்கரைக்கொல்லிப் பொடி எல்லாம் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

சோதனைக்குப் பிறகு எதைத் திரும்பச் சேர்ப்பதானாலும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். அட்டையின் மேலேயே பேனாவால், எதற்காக, எந்தத் தேதியில் தொடங்கினேன், எந்தத் தேதியில் நிறுத்துவேன் என்று எழுதுங்கள். நிறுத்தும் தேதி எழுத வரவில்லை என்றால், அதை ஏன் சாப்பிடுகிறோம் என்று யாரிடமாவது கேட்க வேண்டும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சத்து மாத்திரை டப்பாக்களில் “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். சட்டப்படி போட்டே ஆக வேண்டும். முன்பக்கம் மூட்டையும் நரம்பையும் படமாகப் போட்டுவிட்டுப் பின்பக்கம் இப்படி எழுதும் துணிச்சலை நான் பல தடவை ரசித்திருக்கிறேன். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சர்க்கரைப் பொடி, மூட்டுவலிப் பொடி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஒரே வாரத்தில் அதிசயமாகக் கேட்கிறது என்றால், உள்ளே ஆங்கில மருந்தையோ ஸ்டீராய்டையோ கலந்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

முருங்கைக்கீரை, வெந்தயம், நெல்லிக்காய், குழம்பில் போடும் மஞ்சள் இவற்றுக்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். அவை உங்கள் சமையலறைக்குள் உணவாக இருக்கும்வரை எனக்கு அங்கே வேலையில்லை.

மகளிடம் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். ஆசையாக வாங்கி வந்த பிள்ளை. கெட்ட பொருள் என்று சொல்ல வேண்டாம், ரத்தப் பரிசோதனையைக் குழப்புகிறது என்று மட்டும் சொல்லுங்கள். அவளும் அதையே சாப்பிட்டால், எந்த ரத்தப் பரிசோதனைக்கு முன்பும் அதை அங்குள்ள டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உங்கள் கணவருக்கு மஞ்சள் கேப்ஸ்யூல் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினோ, குளோபிடோக்ரெலோ, இரண்டுமோ எடுத்துக்கொண்டிருப்பார். அதன் மேல் அதிக அளவுக் குர்குமின், பூண்டு கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் என்று அடுக்கினால் ரத்தக்கசிவுக்கு வழியாகும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, கறுத்த மலம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருமலுக்கு அவர் அதிமதுரம் மெல்லும் பழக்கம் உள்ளவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லட்டும். தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், இதய நோயாளிக்கு இரண்டும் ஆகாது. அவர் தன் மாத்திரைகளைத் தனிப் பையில் போட்டுத் தன் டாக்டரிடம் எடுத்துப் போகட்டும். உங்கள் பிஸ்கட் டின்னில் அவர் கைவைக்க வேண்டாம்.